மலைக்குக் கடல் வராதுங்க ஐயா

பெருமுக்கல் மலை உச்சியில், கோயில் மதிலை ஒட்டின பாறை மேல் நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சித்திரை வெயில். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. செருப்பைக் கோயில் வாசலிலேயே கழற்றியாயிற்று. பாறை சுடுகிறது. வலது காலை இடது கால் மேலும், இடது காலை வலது கால் மேலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கீழே, மலையில் கால்வாசி உயரத்தில், ஒரு கறுப்புக் குடை. குடைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி.

மஞ்சள் புள்ளி என் மகள் கோமதி. அப்போது அவளுக்கு எட்டு வயது. குடைக்குக் கீழே இருப்பது அவளுடைய அத்தை மங்கை. என்னோடு விவாகரத்து ஆன சேகருக்குக் கூடப்பிறந்த அக்கா.

குடை ஒரு படி ஏறும். உட்காரும். மஞ்சள் புள்ளி நாலு படி மேலே ஓடும். குடை என்னவோ அதட்டும். புள்ளி நாலு படி இறங்கி வந்து பக்கத்தில் உட்காரும். கொஞ்ச நேரம் கழித்துக் குடை மறுபடி எழுந்திருக்கும்.

கோர்ட் எனக்குக் கொடுத்த நேரம் மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு, காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. பெற்ற பெண்ணைப் பார்க்க மூன்று மணி நேரம். அது என் கண்ணெதிரே அந்தப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து கரைந்துகொண்டிருந்தது.

இறங்கி ஓடியிருக்கலாமே என்பீர்கள். 'கோயில் வளாகத்தில்' என்று உத்தரவில் இருக்கிறது. "சொன்ன எடத்துல இல்லன்னா நீ வரவே இல்லன்னு எழுதிடுவாங்கம்மா" என்று வக்கீல் பயமுறுத்தி அனுப்பியிருந்தார். அதனால் நின்ற இடத்திலேயே நின்று தவித்தேன்.

இதில் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை. அந்த மலையைக் கேட்டு வாங்கினவளே நான்தான்.

ஏன் கொடுத்தேன்

இந்தத் தொடரைப் படிக்கிற செஞ்சிப் பக்கத்து வாசகி ஒருவர் போன வாரம் கடிதம் எழுதியிருந்தார். 'பெற்ற பிள்ளையை எப்படியம்மா விட்டுக்கொடுத்தீர்கள்?' என்று ஒரே வரி. கீழே கையெழுத்துகூட இல்லை. கோபத்தில் மறந்திருப்பார்.

சொல்கிறேன். எங்களுக்குள் அடிதடி கிடையாது, குடி கிடையாது. அவர் கடலைக்காயும் நெல்லும் போடுகிற வீட்டுப் பிள்ளை. நான் மரக்காணம் உப்பளத்தில் பாத்திக்குள் நின்று வளர்ந்தவள். ஏழு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவர் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை, என் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்தே மனு போட்டோம்.

அளத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் உப்பின் பளபளப்பில் கண்ணைத் திறக்க முடியாது. எனக்கு அம்மா அப்பா இல்லை. அந்த நேரத்தில் ஆறு வயசுப் பெண்ணைப் பூட்டின வீட்டில் தனியாக விட்டுப் போவதா? சேகர் ஊரில் பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நானே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தைத்தான் அப்புறம் ஒவ்வொரு வாய்தாவிலும் எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார்கள்.

முதலில் நல்ல உத்தரவுதான். மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும், பத்து முதல் ஐந்து வரை, மரக்காணத்தில் என் வீட்டில். கோமதியை வரப்பின் மேல் நடக்க விடுவேன். உப்புக் கல்லில் பெரியதாகப் பொறுக்கிப் பாவாடையில் முடிந்துகொள்வாள். சாயங்காலம் பஸ் ஏற்றும்போது அது ஈரம் விட்டுத் தொடையெல்லாம் பிசுபிசுக்கும். "அம்மா, உப்பு அழுவுது" என்பாள்.

அப்புறம் கடல் வந்தது.

நாலாவது ஞாயிறு

அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். என் முறை இல்லாத நாலாவது ஞாயிறு. மார்கழிக் காலை, அளத்தில் வேலை கிடையாது, வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஆட்கள் ஓடினார்கள். அனுமந்தைப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தர் ஈர வேட்டியோடு நின்று, "கடலு ஊருக்குள்ள வந்து உக்காந்துக்கினு இருக்குது" என்றார். யாரோ விருந்தாளியைச் சொல்வதுபோலச் சொன்னார். அதிர்ச்சி அப்படிப் பேச வைத்திருக்கிறது.

எங்கள் தெரு வரைக்கும் தண்ணீர் வரவில்லை. அளத்துக்குள் புகுந்து வரப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு போனது. பிழைத்தவள் நான், பெரிதாக அழ உரிமை இல்லை. ஆனால் அந்த ஓட்டத்தின் நடுவே எனக்கு முதலில் தோன்றினது ஒன்றுதான். இன்றைக்கு நாலாவது ஞாயிறு, கோமதி இங்கே இல்லை. ஈரக் கையோடு அப்படியே நின்று கும்பிட்டேன்.

அந்தக் கும்பிடே எனக்கு வினையாக வந்து முடிந்தது.

தை மாதம் பெண்ணை அனுப்பவில்லை. மாசியிலும் அனுப்பவில்லை. கடற்கரைக்குக் குழந்தையை அனுப்ப முடியாது, இந்த ஏற்பாட்டையே ரத்து செய்ய வேண்டும் என்று சேகர் மனுப் போட்டார். அவர் பயமும் பொய் இல்லை. கூண்டில் ஏறி நான் ஒரு வெகுளித்தனம் செய்தேன். அவர் வக்கீல் கேட்டார்:

"கடல் வந்த அன்னிக்கு முதல்ல இன்னாம்மா நினைச்சீங்க?"

"பாப்பா இங்க இல்லியேன்னு சாமிக்குக் கும்பிட்டேங்க."

"அப்ப, இங்க இல்லாததுதான் நல்லதுன்னு உங்களுக்கே தெரியுது."

எங்கள் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நல்ல மனுஷர், பேச்சு மட்டும் தேங்காய் உடைத்த மாதிரி பட்டென்று வரும். வெளியே வந்ததும், "கோர்ட்டுல அழுவாதன்னு சொன்னேன், கேட்ட. கும்பிட்டத சொல்லாதன்னு நான்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றார். இப்படி யாராவது எதையாவது சொன்னால் எழுதி வைத்துக்கொள்கிற வழக்கம் எனக்கு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள். மிச்சத்தை ஜனங்கள் பேசக் கேட்டுத்தான் படித்தேன். வாய்தா நோட்டீஸின் பின்பக்கம் முழுக்க அவர் வாக்கியங்கள்தான் இருக்கின்றன.

பஸ்ஸில் வந்த யோசனை

அடுத்த வாய்தாவுக்குத் திண்டிவனம் பஸ்ஸில் போகிறேன். ஜன்னல் வழியாகப் பெருமுக்கல் மலை வந்தது. சேகர் ஊருக்குப் பக்கம். கடலுக்குத் தூரம். மேலே கோயில்.

அதோடு இன்னொன்றும் ஓடியது மனதில். அதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பக்கத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தையைப் பார்க்கும்போது தங்கள் பக்கத்து ஆள் ஒருத்தர் கூடவே இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அந்த ஆள் மங்கை. புருஷன் சீக்கிரமே இறந்து, பிள்ளை இல்லாமல், தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவள். நான் வாழ்ந்த ஏழு வருஷமும் அந்த வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான். "உப்புக்காரி கை பட்டா கொழம்புக்கு உப்பே போட வேணாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கும் என் பெண்ணுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மங்கைக்கு இரண்டு முட்டியும் வீக்கம். கடலைக்காய் பிடுங்க உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும்.

புரிந்திருக்குமே.

அன்றைக்கு நீதிபதி, "வேற எங்க வெச்சி பார்க்கறீங்க, சொல்லுங்க" என்று கேட்டதும் நான் முந்திக்கொண்டேன். "பெருமுக்கல் கோயில்ல வெச்சிப் பார்க்கறேங்க. மலைக்குக் கடல் வராதுங்க ஐயா."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நீதிபதி தலை குனிந்து எழுதினார். எழுதும்போது அவர் வாயோரமும் அசைந்தது. மூன்றாம் ஞாயிறு மட்டும், பத்து முதல் ஒன்று வரை, மங்கை முன்னிலையில். தை மாதம் கழித்து மறுபடி விசாரித்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யப்படும். அந்த விசாரணையில் சாட்சி சொல்லப்போகிறவளும் மங்கைதான்.

கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அரை மணி

இப்போது மறுபடி அந்த உச்சிக்கு வாருங்கள்.

அவர்கள் மேலே வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. மங்கை மதில் நிழலில் சரிந்து உட்கார்ந்தாள். குடையை மடக்கக்கூடத் தெம்பில்லை.

"பாவி... நல்ல எடமாப் பாத்துக் கேட்ட" என்றாள். அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

கோமதி என்னிடம் வரவில்லை. நாலு மாதமாகிவிட்டதே. அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் காலையே பார்த்தாள். உப்புத் தண்ணீரில் நின்று வெடித்த பாதம். அதில் பாறைச் சூடு வேறு.

"வலிக்குதாம்மா?" என்றாள்.

அதுதான் முதல் வார்த்தை. தூக்குவாளியைத் திறந்தேன். நுங்கு கொண்டுபோயிருந்தேன். காத்திருந்த நேரத்தில் வெந்நீர் மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் சாப்பிட்டாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எப்போது விழுந்ததென்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஓட்டை வழியாக நுங்குத் தண்ணீர் தாடையில் ஒழுகியது.

"இங்கேந்து நம்ம அளம் தெரியுமாம்மா?"

கிழக்கே காட்டினேன். வெயில் மூட்டத்தில் ஒரு வெள்ளைக் கோடு. உப்போ, வானமோ. "அதோ" என்றேன்.

"மணி ஒண்ணு" என்றாள் மங்கை.

அவர்கள் இறங்க, ஏறினதை விட அதிக நேரம் ஆயிற்று. முட்டி வலிக்காரர்களுக்கு இறக்கம்தான் கொடுமை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுபடி உச்சியில் நின்று, குடையும் புள்ளியும் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தேன்.

தோளா பாறையா

வக்கீலிடம் ஓடினேன். "அடிவாரத்துலேந்தே கூடப் போலாமாங்க?"

"யாரு வேணாம்னா? படியில ஏறினா கேஸா போடுவாங்க?"

"நீங்கதான கோயில்லயே நில்லுன்னீங்க?"

"நில்லுன்னா மூணு மணி நேரமா நிப்ப? ஏம்மா, உன்ன வெச்சிக்கினு..."

அடுத்த மாதம் ஒன்பதரைக்கே அடிவாரத்தில் நின்றேன். மங்கை பஸ்ஸிலிருந்து இறங்கினதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். மூவரும் ஏறினோம். முதல் இருபது படிக்கு என் கையை உதறினாள். வளைவு ஒன்று வரும், பிடிக்க ஏதும் இல்லாத இடம். அங்கே தானாகவே என் தோளைப் பற்றினாள்.

"இன்னாடி இது, தோளா பாறையா?"

"உப்புக் கூடை தூக்கின தோளு."

கோமதி சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கேட்டு மங்கையும் சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள்.

அதிலிருந்து ஒவ்வொரு மூன்றாம் ஞாயிறும் இதுதான் நடந்தது. அவளை விட்டுத் தனியாக இருக்க மலையைக் கேட்டவள், மாதாமாதம் அவளைத் தோளில் சாய்த்து மலையேற்றினேன். வேகமாக ஏற்றினால்தான் உச்சியில் என் பெண்ணோடு கொஞ்ச நேரமாவது நிம்மதியாக உட்காரலாம் என்று எனக்கு அவசரம். மங்கைக்கோ பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வரும். ஆடி மாதத்துக்குள் எனக்கே ஒன்று உறைத்தது. உச்சியில் நாங்கள் ஒன்றுமே பேசுவதில்லை. கோமதி பேசுவதெல்லாம் அந்தப் படிகளில்தான். வாய்ப்பாடு, டீச்சர், ஆட்டுக்குட்டி, அப்பா வாங்கித் தந்த ஷூ. அதற்கப்புறம் நானே வேண்டுமென்று மெதுவாக ஏற்றினேன்.

இதற்கு நடுவில் அளத்து மேஸ்திரியோடு தகராறு. உப்பு விளைகிற மாதங்களில் ஞாயிறு லீவு கிடையாது. "பாத்தியில உப்பு காத்துக்கினு இருக்குமா உனக்காக?" என்பார். லேசாக ஒரு மழை பெய்தால் வேலை நிற்கும். ஊரே மேகத்தைப் பார்த்து வயிற்றில் அடித்துக்கொள்ளும்போது, மூன்றாம் ஞாயிறு மட்டும் தூறட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். யார் காதிலாவது விழுந்திருந்தால் பாத்தியிலேயே அமுக்கியிருப்பார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள், படியெல்லாம் பாசி. கோமதி முன்னால் போய்விட்டாள். மங்கை உட்கார்ந்த இடத்தில் முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"கோர்ட்டுல எங்கிட்ட இன்னா கேப்பாங்க?"

"தெரியாது."

"பாப்பா உன்னப் பாத்தா பயந்து அழுவுதுன்னு சொல்லச் சொல்றான் தம்பி."

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவதுபோல ஆகிவிடும். அவளும் சொல்லவில்லை. "தூக்கு" என்று கையை நீட்டினாள். தூக்கினேன்.

அன்றிலிருந்து தை முடிகிற வரைக்கும், அளத்து வரப்பில் நடக்கும்போதும் அவள் என்ன சொல்லுவாள் என்ற யோசனைதான். சாவி அவள் இடுப்பில். சோறு அவளுக்குத் தம்பி வீட்டில். எனக்காக எதற்குச் சொல்லப்போகிறாள்?

கூண்டு

சாட்சிக் கூண்டுக்கு ஒரு படி. மங்கை அதன் முன்னால் நின்று அதையே பார்த்தாள். எனக்கு எழுந்து ஓடிக் கை கொடுக்க வேண்டும்போல இருந்தது. வக்கீல் என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தார். கடைசியில் டவாலிதான் ஏற்றிவிட்டார்.

சேகருடைய வக்கீல் கேட்டார். "குழந்தை அதோட அம்மாவப் பாத்தா பயப்படுதா?"

மங்கை தம்பியைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"பயமா? அதுங்க ரெண்டும் பேசிக்கினே போவும். நான் ஒருத்தி கீழ கெடக்கறதே தெரியாது அதுங்களுக்கு."

"அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கடலோரத்துல இருக்கற வூட்டுக்குக் குழந்தைய அனுப்பறது..."

மங்கை அவரை விட்டுவிட்டு நேராக நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா, கடலு இன்னொரு வாட்டி வருதோ வரலியோ, எனக்கு இந்த மலை வேணாங்க. பொண்ண அவ வூட்டுக்கே அனுப்பிடுங்க. இன்னும் ஒரு வருசம் ஏறினா நான் போய்ச் சேந்துடுவேன். அவ கூட்டிக்கினு போயி பத்திரமாத்தான் கொண்டாந்து வுடுவா. என்னையே கீழ போடாம ஏத்தினவ அவ."

சேகர் எழுந்து வெளியே போய்விட்டார். மங்கை கடைசி வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை.

பழைய உத்தரவே திரும்ப வந்தது. முதல் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு, பத்து முதல் ஐந்து வரை, மரக்காணத்தில்.

முதல் ஞாயிறு

பஸ் நிறுத்தத்தில் கோமதியை இறக்கிவிட்டு, "அஞ்சு மணிக்கு நிப்பேன்" என்றாள் மங்கை. அவ்வளவுதான் பேச்சு.

வீட்டில் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏழு மணி நேரம்! அளத்துக்குப் போய் வந்தோம். மீன் குழம்பு கொதித்தது. கோமதி வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"இன்னாடி?"

"அத்தை போவலம்மா. பஸ்ஸு திரும்பிப் போச்சி, அத்தை ஏறல. நான் பாத்தேன்."

"எங்கனா போயிருப்பாங்க."

"எங்க போவாங்க? அப்பா அத்தைகிட்ட பேசறதே இல்ல."

அடுப்பை அணைத்துவிட்டு ரெண்டு பேரும் போனோம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பூட்டியிருந்த கடையின் ஓட்டு நிழலில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கறுப்புக் குடை. காலையிலிருந்து அங்கேயேதான்.

அந்த மலையில் மாதக்கணக்காக நான் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முறை அற்றுப்போன பிறகு என்னவென்று கூப்பிடுவது?

"அண்ணி, வாங்க. சாப்பிடலாம்."

நிமிர்ந்து பார்த்தாள்.

"கொழம்புக்கு உப்பு போட்டியா, இல்ல கைய மட்டும் வெச்சி எடுத்துட்டியா?"

"வந்து பாருங்க."

"உன் வூட்டுக்குப் படி இருக்குதா?"

"ரெண்டு."

"ரெண்டா..." என்று பெருமூச்சு விட்டாள். தெருவின் நீளத்தை ஒரு தரம் பார்த்தாள். குடையைக் கோமதியிடம் கொடுத்தாள்.

"கையக் குடு" என்றாள்.